தளம் ஏறுதா, இறங்குதா?

கடலூர் துறைமுகத்தில் ஒருநாள், ஜெட்டியிலிருந்து ஃபைபர் போட்டில் கால் வைக்கப் போனேன். "இருங்கண்ணே, இப்ப வேணாம்" என்று தடுத்தார் போட்டில் நின்ற மீனவர். இரண்டு ஆட்டம் போகவிட்டார். போட்டு மேலே வந்து ஒரு கணம் நின்றதும் "ம், வாங்க" என்றார். போட்டு தாழும்போது குதித்தால் கால் காற்றைத் தேடும். ஏறும்போது குதித்தாலோ முழங்காலில் இடி.

போர்க்கப்பலின் பின்தளத்தில் ஹெலிகாப்டரை இறக்குகிற விமானிக்கும் இதே சிக்கல்தான். அவருக்கு வேண்டியது அந்த "ம், வாங்க".

கப்பல் ஆறு விதமாக அசையும். இறங்குகிறவரை அதிகம் படுத்துவது மூன்று: இடவலமாக உருள்வது, முன்பின்னாகச் சாய்வது, மொத்தமாக எழுந்து தாழ்வது. முதல் இரண்டையும், திரும்புவதையும் சாய்வதையும் உணரும் ஜைரோ கருவிகள் நன்றாகவே சொல்லிவிடும். பல செல்போன்களுக்குள்ளும் இவற்றின் குட்டித் தம்பிகள் இருக்கின்றன.

மூன்றாவதுதான் தலைவலி. நடுக்கடலில் உயரத்தை எதை வைத்து அளப்பது? தரையும் ஆடுகிறது, தண்ணீரும் ஆடுகிறது. அதனால் முடுக்கத்தை, அதாவது வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதை அளக்கும் முடுக்கமானியை நம்புகிறார்கள். முடுக்கத்தை நேரத்தோடு ஒருமுறை கூட்டினால் வேகம், இன்னொரு முறை கூட்டினால் உயரம். கேட்க எளிது. ஆனால் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 0.01 மீட்டர் கூடுவதாகக் காட்டும் நிலையான பிழை கருவியில் இருந்தாலே போதும், ஒரே நிமிடத்தில் கணக்கு 18 மீட்டர் தப்பிப் போகும்! கப்பல் வானத்தில் பறப்பதாகக் கருவி சொல்லும். இதற்கு ஒரு தந்திரம் உண்டு. அலையில் எழுந்த கப்பல் சில விநாடிகளில் தாழ்ந்தே ஆக வேண்டும். எனவே மெல்ல மெல்ல ஒரே பக்கம் நகரும் எதையும் பிழை என்று வடிகட்டித் தள்ளிவிடுகிறார்கள்.

சரி, கருவி கப்பலின் நடுவில் இருக்கிறது, இறங்குதளமோ பின்னால். நடுவிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்கும் தளம், கப்பல் வெறும் 2 டிகிரி சாய்ந்தாலே சுமார் 1.75 மீட்டர் ஏறும் அல்லது இறங்கும். அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

அப்புறம் கணிப்பு. பெரிய அலைகள் கூட்டமாக வரும். இரண்டு கூட்டத்துக்கு நடுவே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். கடந்த சில ஆட்டங்களை வைத்து அடுத்த சில விநாடிகளைக் கணினி ஊகிக்கலாம். அதற்கு மேல் போனால் ஜோசியம்தான்.

இத்தனைக்கும் நடுவில் விமானி தளத்தையே முறைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அதன் ஆட்டத்துக்கு அவர் கையும் ஆடும். அதற்காகவே பல கப்பல்களில் ஹெலிகாப்டர் கொட்டகைக்கு மேல் ஒளிரும் கம்பி ஒன்று உண்டு. ஜைரோ சொற்படி அது கப்பலுக்கு எதிராகச் சாய்ந்துகொண்டே இருக்கும். கப்பல் எப்படி உருண்டாலும் கம்பி மட்டும் அடிவானத்தோடு மட்டமாக நிற்கும்.