பழைய புத்தகமெல்லாம் பொதுச்சொத்து இல்லை

போன வாரமும் ஒருவர் பென்டிரைவோடு வந்தார். உள்ளே நாற்பது நாவல்கள், எல்லாம் ஸ்கேன் செய்த பிடிஎஃப். "இதெல்லாம் இப்போ அச்சிலேயே இல்லை சார், நம்ம நூலகத் தளத்தில் ஏத்திடுங்க" என்றார். முடியாது என்றதும், அறிவைப் பூட்டி வைக்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். இந்தப் பேச்சை எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! எல்லோரும் படிக்கட்டும் என்றுதானே இந்த வேலைக்கே வந்தேன்.

அச்சில் இல்லாத புத்தகம் வேறு, பதிப்புரிமை தீர்ந்த புத்தகம் வேறு. இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து, அதற்கு மேல் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். புத்தகம் வந்த ஆண்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நாவல் 1958இல் வந்திருக்கலாம். எழுதியவர் 1987இல் இறந்திருந்தால், அனுமதி இல்லாமல் 2047 முடியும்வரை ஏற்றக்கூடாது. கடையில் கிடைக்கவில்லை, தாள் பழுத்துவிட்டது, வாட்ஸாப்பில் ஏற்கெனவே சுற்றுகிறது என்று என்ன சொன்னாலும் கணக்கு மாறாது. சங்கப் பாட்டு எல்லோருக்கும் பொது. ஆனால் அதற்குப் போன வருஷம் ஒருவர் எழுதிய உரை அவருடையது. உ.வே.சா. 1942இல் மறைந்தார், அதனால் அவருடைய குறுந்தொகை உரையை 2003 முதல் தாராளமாக ஏற்றலாம். மொழிபெயர்ப்பு என்றால் மூல ஆசிரியர், மொழிபெயர்த்தவர் இருவரையும் பார்க்க வேண்டும்.

எங்களிடம் அச்சுப் பிரதி இருந்தால் பாதுகாப்புக்காக ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள 2012 சட்டத் திருத்தம் இடம் தருகிறது. இணையத்தில் திறந்துவிட அது போதாது. நடைமுறையில் எங்களை அதிகம் அலைக்கழிப்பது இறந்த ஆண்டுதான். புனைபெயரில் எழுதிய பலருக்கு அது எங்குமே பதிவாகவில்லை.

முதலில் தேடிப் பாருங்கள். அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, அதாவது நாட்டுடைமையான நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தர, தன்னார்வலர்கள் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு தளம் இருக்கிறது.

ஸ்கேன் செய்கிறீர்களா? தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரப் பக்கத்தையும் விடாதீர்கள். அவை இல்லாவிட்டால் உரிமை தீர்ந்த நூலுக்குக்கூட என் கையில் ஆதாரம் இருக்காது. அப்புறம், பழைய பைண்டிங்கைக் கண்ணாடியில் வைத்து அழுத்தவே அழுத்தாதீர்கள், முதுகு பிளந்துவிடும்.

எழுத்தாளர்களிடமும் வாரிசுகளிடமும் ஒரு வேண்டுகோள். உரிமை உங்கள் கையில் இருந்தால், இந்த நூல்களை எவரும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம் என்று எழுதி, நூல்களின் பெயரைக் குறித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். மறைந்த ஒரு பேராசிரியரின் ஒரே மகள் போன மாதம் அப்படி ஒரு கடிதம் தந்தார். அந்த வாரமே பேராசிரியரின் பதினோரு புத்தகங்களையும் ஏற்றிவிட்டோம்.