ஓடுகிற வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றாதீர்கள்

போன புதன்கிழமை காலை ஒரு பிக்கப்பை இழுவை வண்டியில் கொண்டுவந்து பட்டர்வொர்த்தில் என் பட்டறை வாசலில் இறக்கினார்கள். வண்டிக்காரர் நிபோங் திபால் பக்கம் தேங்காய் வியாபாரி, விடியுமுன் பாலம் ஏறிப் பினாங்குத் தீவில் கடை கடையாகப் போடுகிறவர். "அண்ணே, நாலு மாசத்துல மூணு பேட்டரி, புது ஆல்டர்னேட்டர் ஒண்ணு. இப்போ சுத்தமா ஸ்டார்ட்டே ஆகலை" என்றார். ஆல்டர்னேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி. கடைசியாக யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். வழியில் ஒரு பட்டறையில் எஞ்சினை ஓடவிட்டு பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தார்களாம். எஞ்சின் நின்றது, அதற்கப்புறம் உயிர் வரவில்லை.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டது. இந்த வருடம் இதே காரணத்தால் என்னிடம் வந்த மூன்றாவது வண்டி இது. அதனால்தான் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

"டெர்மினலைக் கழற்று, எஞ்சின் நின்றால் ஆல்டர்னேட்டர் அவுட், ஓடினால் நல்லது." இதை எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரே செய்து பார்த்திருக்கிறேன். அன்றைய கார்புரேட்டர் வண்டியில் கெட்டுப்போகக் கம்ப்யூட்டர் கிடையாது, அதனால் தப்பித்தோம். இன்றைக்கு நிலைமை வேறு. ஆல்டர்னேட்டர் 30, 40 ஆம்பியரை பேட்டரிக்குள் தள்ளிக்கொண்டிருக்கும் நேரத்தில் திடீரென்று வயரைப் பிடுங்கினால் அந்த மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை, உள்ளே இருக்கும் காந்தச் சுருளும் அந்த நொடியே அடங்காது, வோல்ட் ஒரே எகிறாக எகிறும். அடக்கி வைக்கும் டயோடு இல்லாத ஆல்டர்னேட்டராக இருந்தால் 80 வோல்ட்டையும் தாண்டலாம். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும், ஆனால் 14 வோல்ட்டில் வேலை செய்யும் பெட்டிகளுக்கு அதுவே போதும். பேட்டரி இணைப்பில் இருந்தால் இந்த எகிறலை அதுதான் வாங்கிக்கொண்டு அமுக்கும். அதைத்தான் நீங்கள் கழற்றுகிறீர்கள்!

சரி, ஆபத்தை விடுங்கள், அந்தச் சோதனையில் பதிலாவது கிடைக்கிறதா? கேபிள் இழுத்து நிறுத்துகிற பழைய டீசல் எஞ்சின், ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் ஆல்டர்னேட்டரே செத்துப்போயிருந்தாலும் பாட்டுக்கு ஓடும். புது வண்டியில் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் வோல்ட் தடுமாறி எஞ்சின் நின்றுபோகலாம். ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகளில் ஒன்று எரிந்து அரைகுறையாகச் சார்ஜ் செய்கிற வண்டி நிற்காமலே ஓடும். ஆக நின்றாலும் தெரியாது, ஓடினாலும் தெரியாது. இதை எத்தனை முறை சொல்வது?

கம்ப்யூட்டரை மாற்றி வண்டி ஓடிய பிறகுதான் முதல் கோளாறையே என்னால் தேட முடிந்தது. ஸ்டார்ட் செய்து, ஏர்கோனையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு வோல்ட் மீட்டர் வைத்தேன். ஆல்டர்னேட்டரின் பின்பக்கப் போல்ட்டில் 14.3 வோல்ட். பேட்டரியில் 12.8. உற்பத்தி சரியாக இருக்கிறது, வழியில் 1.5 வோல்ட் காணாமல் போகிறது. நல்ல வண்டியில் இந்த வித்தியாசம் 0.2-க்குள் இருக்க வேண்டும். ஒரு முனையை அந்தப் போல்ட்டிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்தினேன். பெரிய ஃபியூஸ் பெட்டியில் கை நின்றது. மூடியைத் திறந்தால் மெயின் ஃபியூஸின் நட்டு தளர்ந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகிக் குழைந்திருந்தது, வயர் முனையில் பச்சைப் பொடி. ஸ்டார்ட்டர் வயர் வேறு வழியில் போவதால் ஸ்டார்ட் ஆவதில் குறை தெரியவில்லை, பேட்டரி மட்டும் நாளுக்கு நாள் பட்டினி கிடந்திருக்கிறது. முனையை வெட்டிப் புது லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அடித்து, ஃபியூஸ் மாற்றி, நட்டை முறுக்கினேன். கூலியோடு நூறு வெள்ளிகூட ஆகவில்லை. அவர் அதுவரை செலவழித்த கணக்கைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மீட்டர் ஒன்று வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். ஓடும்போது 13.8-லிருந்து 14.5 வரை வர வேண்டும், எல்லா விளக்கையும் போட்டாலும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது, 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, அப்படியே ஓட்டாதீர்கள். புது மாடல்களில் கம்ப்யூட்டரே வோல்ட்டைக் குறைத்துக் கூட்டும், அதனால் ஓடும்போது 12.8 பார்த்தவுடன் பதறி எதையும் மாற்ற வேண்டாம், வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். அந்த வண்டிகளில் நெகட்டிவ் டெர்மினலில், பேட்டரிக்குப் போய்வரும் மின்சாரத்தை அளக்கும் சென்சார் உட்கார்ந்திருக்கும். ஸ்பாட்லைட், டேஷ்கேம், ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபையர் எதன் எர்த் வயரையும் டெர்மினலில் நேராக மாட்டாமல் பாடியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய டீசல் பிக்கப் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்கம் பம்ப் இருக்கும், பிரேக்குக்கு உதவுவது அதுதான். ஆல்டர்னேட்டர் மாற்றிவிட்டு வந்தால், முதல் காரியமாகக் காலி இடத்தில் மெதுவாக ஓட்டி பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். சுமையோடு பாலத்தில் ஏறிய பிறகு தெரிந்துகொள்ளக் கூடிய விஷயமா அது?

பாலத்தின் நடுவே பேட்டரி விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைக்காதீர்கள், மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். ஏர்கோன், ரேடியோ, போன் சார்ஜர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கரை சேருங்கள், பேட்டரியில் இருப்பது அந்தத் தூரத்துக்குப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் விளக்கோடு சேர்ந்து சூட்டு முள்ளும் ஏறினாலோ ஸ்டீயரிங் கனத்தாலோ பெல்ட் அறுந்திருக்கும், பல எஞ்சின்களில் தண்ணீர் பம்பைச் சுற்றுவதும் அதே பெல்ட்தான். அப்போது மட்டும் உடனே ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டு, எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.