டொராண்டோ மேயருக்கு ஒரே ஓட்டு

2012 பிப்ரவரி 8 அன்று டொராண்டோ நகரசபையில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. முந்தைய மேயர் டேவிட் மில்லர் வகுத்த இலகு ரயில் திட்டத்தை மீட்பதா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. மேயர் ராப் ஃபோர்டு 2010 தேர்தலில் 3,83,000-க்கும் மேற்பட்ட வாக்குகள் வாங்கி வந்தவர். பதவியேற்ற முதல் நாளிலேயே அந்தத் திட்டம் முடிந்தது என்று அறிவித்திருந்தார். ஆனாலும் 25-க்கு 18 என்ற கணக்கில் நகரசபை திட்டத்தை மீட்டது. மேயர் தோற்றார்.

நகரம் முழுக்க ஓட்டு வாங்கி வந்தவரை, ஆளுக்கு ஒரு வார்டில் ஜெயித்த கவுன்சிலர்கள் எப்படித் தோற்கடிக்க முடியும்? அமெரிக்கப் பெருநகரங்கள் பலவற்றில் மேயருக்குத் தீர்மானத்தை ரத்து செய்யும் அதிகாரம் உண்டு. கனடா பிரிட்டிஷ் வழியில் வந்தது. அங்கே அதிகாரம் நகரசபைக்குத்தான். அன்றைய டொராண்டோ சபையில் 44 கவுன்சிலர்களும் மேயரும் சேர்த்து 45 ஓட்டு. அதில் மேயருடையது ஒன்று. டொராண்டோ நகரசபையில் கட்சி அரசியலும் கிடையாது. கொறடா உத்தரவு போட்டு ஆளைக் கட்டிவைக்க வழியில்லை. முக்கியக் குழுக்களின் தலைவர் பதவிகளைக் கொடுத்து ஆதரவு திரட்டலாம், மக்களிடம் நேரே பேசி கவுன்சிலர்களுக்கு நெருக்கடி தரலாம். மற்றபடி ஒவ்வொரு தீர்மானத்துக்கும் புதிதாக ஆள் சேர்க்க வேண்டியதுதான்.

2013 நவம்பரில் ஃபோர்டு பெரும் சர்ச்சையில் சிக்கியபோது இந்த அமைப்பின் இன்னொரு முகம் தெரிந்தது. அவரைப் பதவியிலிருந்து இறக்க நகரசபைக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் அது தானே அவருக்கு வழங்கியிருந்த அதிகாரங்களைத் திரும்பப் பெறலாம். அப்படியே செய்தது. அவருடைய அலுவலகப் பணத்தையும் ஊழியர்களையும் பெருமளவு துணை மேயர் நார்ம் கெல்லியிடம் மாற்றிவிட்டது. பெயருக்கு மட்டும் மேயராக ஃபோர்டு தொடர்ந்தார்.

நகரசபையே பெரியது என்று இதுவரை படித்தவர்களுக்குத் தோன்றும். அதற்கும் மேலே ஒரு கை இருக்கிறது. கனடாவின் 1867 அரசியல் சட்டத்தில், 92-ஆம் பிரிவு உள்ளாட்சிகளை மாகாணத்தின் பொறுப்பில் விடுகிறது. நகரத்துக்கென்று தனி அரசியல் சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. ஒரு நகரத்தை உண்டாக்கவும், இன்னொன்றோடு சேர்க்கவும், கலைக்கவும் ஒன்டாரியோ மாகாண சட்டமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும். டொராண்டோ மேயர்களின் வரலாற்றை ஆட்களின் வரலாறாகப் படித்தால் பாதிதான் புரியும். எல்லைக்கோட்டை யார் போட்டார்கள், ஏன் போட்டார்கள் என்று பார்த்தால் மீதியும் விளங்கும்.

1834-இல் யார்க் என்ற சிற்றூர் டொராண்டோ நகரமாக மாறியது. முதல் மேயர் வில்லியம் லயன் மெக்கென்சி என்ற பத்திரிகைக்காரர். அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. நகரசபை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அதே மனிதர் காலனி அரசுக்கு எதிராக ஆயுதக் கிளர்ச்சி நடத்தி, தோற்று, அமெரிக்காவுக்குத் தப்பி ஓடினார். நேரடித் தேர்தல் 1859-இல் வந்தது, 1867-இல் போனது, 1874-இல் மறுபடி வந்து நிலைத்தது.

நகரம் வளர வளர, பக்கத்து ஊர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டே போனது. முதல் உலகப் போர்க் காலத்தோடு அந்த ஆர்வம் வற்றிவிட்டது. குழாயும் சாலையும் போடச் செலவு நகரத்துக்கு, வரி வருமானமோ சொற்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மக்கள் டவுன்ஷிப் எனப்பட்ட தனிப் புறநகர் உள்ளாட்சிகளில் குவிந்தபோது இந்தத் தயக்கத்தின் விலை தெரிந்தது. அவற்றில் ஒன்றான நார்த் யார்க்குக்கு, தண்ணீர் எடுக்க ஒன்டாரியோ ஏரியின் கரையே கிடையாது. கிணற்றையும் செப்டிக் டேங்கையும் நம்பி வீடுகள் எழும்பின. வரி கொடுக்கும் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெரும்பாலும் நகரத்துக்குள்; வீடுகள் மட்டும் வெளியே. டவுன்ஷிப் தனியாகக் கடன் வாங்கப் போனால் வட்டி அதிகம்.

இதற்கு மாகாணம் 1953-இல் கண்ட தீர்வை நான் உள்ளாட்சி வரலாற்றின் மிக அழகான வடிவமைப்புகளில் ஒன்றாக மதிக்கிறேன். எந்த ஊரையும் கலைக்கவில்லை. டொராண்டோவும் சுற்றியிருந்த 12 உள்ளாட்சிகளும் அப்படியே இருக்க, அவற்றின் தலைக்கு மேலே 'மெட்ரோ டொராண்டோ' என்ற இரண்டாவது அடுக்கு வந்தது. ஏரியிலிருந்து நீர் எடுத்துச் சுத்திகரித்து, பெருங்குழாயில் அனுப்பி, உள்ளாட்சிகளுக்கு மொத்த விலையில் விற்பது மெட்ரோவின் வேலை. அதைத் தெருக் குழாயில் விட்டு வீட்டுக்கு வீடு கட்டணம் வாங்குவது அந்தந்த ஊரின் வேலை. கழிவுநீரும் அப்படியே: தெருச் சாக்கடை ஊருக்கு, பெருங்குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் மெட்ரோவுக்கு. எல்லோருக்குமாக மெட்ரோ கடன் வாங்கியதால், நகரத்தின் வரி வளம் புறநகர்க் குழாய்களுக்கும் ஜாமீனாக நின்றது.

மெட்ரோ சபையில் 24 இடங்கள்: நகரத்துக்கு 12, புறநகர்களுக்கு ஆளுக்கு ஒன்றாக 12. சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஸ்வான்ஸி கிராமத்துக்கும் விரைந்து பெருகிய நார்த் யார்க்குக்கும் சமமான ஓட்டு. முதல் தலைவர் ஃபிரெடெரிக் கார்டினரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மாகாணம் நியமித்தது. எந்த மேயரையும் விட அவர்தான் அந்த நகரத்தின் உருவத்தை மாற்றினார். ஏரிக்கரை விரைவுச்சாலை இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

1967-இல் 13 உள்ளாட்சிகள் ஆறாகச் சுருக்கப்பட்டன: டொராண்டோ, நார்த் யார்க், ஸ்கார்பரோ, எட்டோபிகோ, யார்க், ஈஸ்ட் யார்க். புறநகர்த் தலைவர்களுக்கு 'மேயர்' என்ற பட்டம் வந்ததும் அப்போதுதான். மரச்சாமான் கடைக்காரரான மெல் லாஸ்ட்மேன் 1973 முதல் 1997 வரை நார்த் யார்க் மேயராக இருந்தார். ஈஸ்ட் யார்க்கை ட்ரூ டேவிட்சன் என்ற பெண் 1960-களிலேயே நடத்தினார். ஸ்கார்பரோவில் ஜாய்ஸ் ட்ரிம்மர் 1988-இல் மேயரானார். மைய நகரமான டொராண்டோவுக்கோ முதல் பெண் மேயர் 1991-இல்தான் கிடைத்தார்.

1996 டிசம்பரில் மைக் ஹாரிஸ் தலைமையிலான மாகாண அரசு, இந்த ஆறு உள்ளாட்சிகளையும் மெட்ரோவையும் ஒன்றாக இணைக்கப் போவதாக அறிவித்தது. 1997 மார்ச்சில் ஆறு ஊர்களிலும் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேண்டாம் என்றார்கள். அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாது.

சட்டமன்றத்தில் எதிர்க்கட்சியான என்.டி.பி. (புதிய ஜனநாயகக் கட்சி) கடைசி ஆயுதத்தை எடுத்தது. டொராண்டோவின் தெருப் பட்டியலை எடுத்து, தெருவுக்கு ஒரு திருத்தமாக 11,000-க்கும் மேற்பட்ட திருத்தங்களைக் கொடுத்தது. 'இந்தத் தெருவாசிகளைக் கலந்தாலோசிக்காமல் இணைக்கக் கூடாது' என்பதுதான் ஒவ்வொன்றின் சாரம். அபேவுட் ட்ரெயிலில் தொடங்கி அகர வரிசையில், இரவும் பகலுமாக, ஒவ்வொரு தெருப் பெயரும் வாசிக்கப்பட்டு வாக்கெடுப்புக்கு வந்தது. நடுவே ஆளுங்கட்சியினர் ஒரு கணம் அசந்த நேரத்தில் கேஃபன் கோர்ட் என்ற சிறு தெருவுக்கான திருத்தம் நிறைவேறியே விட்டது! பிறகு அதையும் நீக்கினார்கள். 1998 ஜனவரி 1-ஆம் தேதி ஆறு நகரங்களும் மறைந்தன.

இணைப்பை எதிர்த்துப் பேசிய லாஸ்ட்மேன்தான் இணைந்த நகரத்தின் முதல் மேயர். மைய நகரத்தின் மேயர் பார்பரா ஹாலை அவர் புறநகர் வாக்குகளால் வென்றார். சட்டத்தில் அழிந்த கோடு வாக்காளர் மனத்தில் அழியவில்லை. 2010-இல் ராப் ஃபோர்டு ஜெயித்த வரைபடத்தைப் பார்த்தால், பழைய புறநகர்கள் ஒரு நிறத்திலும் பழைய டொராண்டோ வேறு நிறத்திலும் தெரியும். பேருந்துக்காகக் குளிரில் நிற்கும் ஸ்கார்பரோவாசிக்கும் சைக்கிளில் வேலைக்குப் போகும் மைய நகரவாசிக்கும் தேவைகள் வேறு. இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

2018 ஜூலையில் மாகாணத்தின் கை மறுபடி நீண்டது. ராப் ஃபோர்டின் அண்ணன் டக் ஃபோர்டு மாகாண முதல்வராகி சில வாரங்களே ஆகியிருந்தன. அக்டோபர் தேர்தலுக்கு வேட்பாளர்கள் களமிறங்கிவிட்ட நிலையில், 44-இலிருந்து 47 ஆக வேண்டிய வார்டுகளை 25 ஆகக் குறைத்தார். ஸ்கார்பரோவின் பத்து வார்டுகள் ஆறாயின. 2017 இடைத்தேர்தலில் வென்று டொராண்டோ நகரசபையின் முதல் தமிழ்க் கவுன்சிலரான நீதன் சண், இப்படிப் பெரிதாக்கப்பட்ட வார்டு ஒன்றில் இன்னொரு வேட்பாளரிடம் 154 வாக்குகளில் தோற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மாகாணத்துக்கு அந்த உரிமை உண்டு என்று தீர்ப்பு வந்தது.

மறு ஆண்டே டொராண்டோ, ஒட்டாவா மேயர்களுக்கு ரத்து அதிகாரம் கிடைத்தது. அதுவும் அளந்து கொடுத்ததுதான். வீடு கட்டுதல், போக்குவரத்து போன்று மாகாணம் 'முன்னுரிமை' என்று குறித்தவற்றுக்குத் தடையாகும் தீர்மானங்களை மட்டுமே மேயர் ரத்து செய்யலாம். நகரசபை மூன்றில் இரண்டு பங்கு ஓட்டால் அதை மீறலாம். அதே முன்னுரிமைகளுக்காக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆதரவிருந்தால் சட்டம் கொண்டுவரவும் மேயரால் முடியும் என்று இன்னொரு சட்டம் சேர்ந்தது. எது முன்னுரிமை என்று தீர்மானிப்பது மாகாணம். 2023 ஜூனில், 102 வேட்பாளர்கள் நின்ற இடைத்தேர்தலில் வென்ற ஒலிவியா சௌ, பெரும்பான்மையோடுதான் நகரத்தை நடத்துவேன் என்று பிரச்சாரத்திலேயே சொல்லியிருந்தார். அந்த நகரசபையில் பெரும்பான்மை என்றால் 26-இல் 14 ஓட்டு.