புல்வெட்டும் டிரக்டர் வாங்குமுன் பின் சில்லைப் பாருங்கள்

"எத்தனை குதிரைவலு எடுக்கலாம்?" புல் வெட்ட டிரக்டர் வாங்க நினைப்பவர்கள் என் பட்டறைக்கு வந்து முதலில் கேட்பது இதைத்தான். ஹோமாகம, கடுவெல, அவிசாவளைப் பக்கம் இரண்டு மூன்று ஏக்கர் வளவு வைத்திருப்பவர்களும் சரி, பாடசாலை மைதானம் பராமரிப்பவர்களும் சரி, எஞ்சினைத்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் என்னிடம் பழுதுபார்க்க வருபவற்றில் எஞ்சின் கெட்டவை குறைவு. எஞ்சின் அருமையாக ஓடும், வண்டி மட்டும் நகராது.

காரணம் பின் அச்சோடு சேர்ந்த கியர்பெட்டி. இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் ஹைட்ரோஸ்டாட்டிக் முறைதான். ஒரு பம்ப் ஒயிலை அழுத்தி மோட்டாரைச் சுழற்ற, அது பின் சில்லுகளை ஓட்டும். ஒயில் கடுமையாகச் சூடானால் இளகிப்போகும், அழுத்தம் உள்ளேயே கசியும், இழுவை விழுந்துவிடும். சின்ன வண்டிகளில் பரவலாக வரும் டஃப் டோர்க் கே46 போன்ற பெட்டிகள் ஓரளவு சமதரையில் புல் வெட்டத்தான் செய்யப்பட்டவை. பலவற்றில் ஒயில் இறக்க ஒரு ஆணிகூட இருக்காது. அதைக் கொண்டுபோய் மேட்டில் ஏற்றி, பின்னால் தேங்காய் நிரப்பிய டிரெய்லரையும் கொழுவினால் பாவம், அது என்ன செய்யும்?

ஏற்றம் ஏறவும் சுமை இழுக்கவும் செய்யப்பட்ட உண்மையான கார்டன் டிரக்டரை அடையாளம் காண எளிய வழி உண்டு. பின் சில்லைப் பாருங்கள். கார் சில்லு போல நட் போட்டுப் பூட்டியிருந்தால் அநேகமாகக் கனரக அச்சு. நடுவில் ஒரு கிளிப் மட்டும் பிடித்திருந்தால் இலகு ரகம். அப்புறம் குனிந்து முன் அச்சையும் பாருங்கள், வார்ப்பிரும்பாக இருந்தால் நல்லது. கியர்பெட்டியின் ஒயிலும் ஃபில்டரும் மாற்றக்கூடியவையா என்று கட்டாயம் கேளுங்கள்.

பாவித்த வண்டி என்றால் குளிர்ந்த நிலையில் ஓட்டிப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓடவிட்டு, சூடான பிறகு ஒரு ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். களைத்த பெட்டி அங்கேதான் தெரியும். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது டெக், அதாவது பிளேட்டுகளை மூடியிருக்கும் இரும்புக் கூடு. கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை என்று புல் காயவே நேரமில்லை. ஈரப்புல் டெக்கின் உட்புறம் அப்பிக்கொள்ள, மெல்லிய தகடு உள்ளிருந்தே கறள் பிடித்து ஓட்டையாகும். வெல்டிங் செய்து கட்டிய 10 கேஜ் தகடு (ஏறத்தாழ 3.4 மில்லிமீற்றர்) அச்சில் அழுத்தி எடுத்த மெல்லிய தகட்டைவிட அதிக காலம் நிற்கும். எந்த டெக்கானாலும் வெட்டி முடித்த கையோடு அடிப்புறத்தைச் சுரண்டுங்கள். பிளேட் சுழலும் தண்டுகளில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை) இருக்கிறதா என்றும் பாருங்கள். நம் வளவுகளில் குரும்பட்டி, தென்னம்பாளை, கபுக் கல் துண்டு எல்லாம் புல்லுக்குள் கிடக்கும். ஒரு அடியில் தண்டு வளைந்தால் நடுக்கம் பெயரிங்கையும் தின்றுவிடும்.

அளவைப் பற்றிச் சுருக்கமாக: 42 அங்குல டெக் ஒரு ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் முடிக்கும். மரங்கள் நெருக்கமாக நின்றால் இதைவிட அகலமானது உங்களுக்குத் தொல்லைதான்.

உதிரிப்பாகம் கிடைக்காத வண்டி எவ்வளவு நல்லதானாலும் வேண்டாம். பிளேட் தண்டுகளில் வரும் 6203, 6204 இலக்கப் பெயரிங் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். பிளேட்டைச் சுழற்றும் பெல்ட் அப்படியல்ல, கெவ்லர் என்ற வலுவான நூல் வைத்ததே வேண்டும், அதற்குப் பதில் சாதாரண கார் பெல்ட் போட்டால் சீக்கிரம் கருகும். கியர்பெட்டியை இங்கே யார் தருவார்கள் என்று வாங்குமுன்பே எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, என்னைக் கோபப்படுத்துவது. இருக்கைக்குக் கீழ் ஒரு சுவிட்ச் உண்டு. பிளேட் சுழலும்போது ஓட்டுபவர் எழுந்தால் எஞ்சினை நிறுத்துவது அதன் வேலை. அதை வயர் போட்டு நேரடியாக்கித் தரச்சொல்லி வருகிறார்கள். எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் நான் செய்து தரமாட்டேன். 15 பாகைக்கு மேல் சரிந்த இடத்திலும் இந்த வண்டிகளை ஓட்டாதீர்கள். சரிவைக் குறுக்காக அல்ல, மேலும் கீழுமாக வெட்டுங்கள். அதற்கு மேல் சரிந்த இடத்தைக் கையில் பிடிக்கும் இயந்திரத்துக்கு விடுங்கள்.