'வேண்டாம்மா' என்றால் மறுப்பா?

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் காலை என்று வைத்துக்கொள்வோம். "ஆன்ட்டி, எழுந்து நிக்கலாமா?" என்று தாதி கேட்கிறார். "வேண்டாம்மா" என்கிறார் ஆன்ட்டி. அன்றைய திட்டத்திலோ அவர் எழுந்து நிற்க வேண்டும். இப்போது பதிவில் என்ன எழுதுவது?

அடிக்கடி நடக்கும் சிகிச்சைகளுக்கு, எந்த நாளில் என்ன நடக்க வேண்டும் என்ற அட்டவணை முன்பே தயாராக இருக்கும். சிறுநீர்க் குழாயை எப்போது எடுப்பது, எப்போது நடக்க வைப்பது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அதில் உண்டு. பெரிய பொறியியல் வேலைகளைத் தாமதமில்லாமல் முடிக்க 1950களில் உருவான முறை இது. 1980களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத் தாதியர் இதை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தார்கள். திட்டப்படி நடந்தால் பெரும்பாலும் ஒரு டிக் போதும். விலகினால்தான் எழுத்து வேலை. அந்த விலகலுக்கு 'வேரியன்ஸ்' என்று பெயர்.

'நோயாளி மறுத்துவிட்டார்' என்று எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் யாருக்கும் உதவாது. அடுத்த ஷிப்ட்டில் வருபவர் பிடிவாதக்கார ஆன்ட்டி போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். ஏன் வேண்டாம் என்று இன்னொரு தடவை கேட்டால், "கிறுகிறுன்னு வருதும்மா" என்று பதில் வரலாம். சரி, ரத்த அழுத்தம் பார்ப்போம். படுத்திருக்கும்போது மேல் எண் 128. மெல்ல உட்கார வைத்து, பிடித்துக்கொண்டு நிற்க வைத்தால் 96. நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் எண் 20 இறங்கினாலே கவனிக்க வேண்டும். இங்கே 32 இறங்கியிருக்கிறது. ரத்த இழப்பு, உடலில் நீர் குறைவு, வலிமருந்து என எதுவும் காரணமாக இருக்கலாம். மறுப்பு என்று எழுதியிருந்தால் இதில் ஒன்றையும் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

சிங்கப்பூர் வார்டில் கேட்பவர் பிலிப்பீன்ஸ்காரராகவும் இருக்கலாம். 'கிறுகிறு' அவருக்கு எப்படிப் புரியும்? மொழிபெயர்க்க ஆள் கிடைக்கவில்லை என்றால் அதையும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

என்ன விலகியது, ஏன், என்ன செய்தோம், அப்புறம் என்ன ஆனது என்ற நான்கும் பதிவில் வேண்டும். 'காலை 9 மணிக்கு மருத்துவரிடம் சொல்லப்பட்டது' என்று நிறுத்தினால் கதை பாதியில் நிற்கிறது. 'மாலை 4 மணிக்கு மீண்டும் பார்த்தபோது நின்றபின் 118, கிறுகிறுப்பு இல்லை, ஆறு அடி நடந்தார்' என்ற வரியும் வர வேண்டும்.

காரணம் எப்போதும் உடம்பில் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை உடற்பயிற்சி சிகிச்சையாளர் வரவில்லை என்றால் அது மருத்துவமனையின் தாமதம். நடக்கத் தேறிவிட்டார், ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ளவிருந்த பணிப்பெண் இன்னும் வந்து சேரவில்லை என்றால் அது வெளிக்காரணம். அதனால் ஒவ்வொரு விலகலையும் வகை பிரித்துக் குறிப்பார்கள். பல நோயாளிகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்த வகைகள் பேச ஆரம்பிக்கும். ஞாயிறன்று தாமதங்கள் குவிந்தால் பணிப்பட்டியலை மாற்ற வேண்டியிருக்கும். பல ஆன்ட்டிகளுக்கும் முதல் நாள் காலையிலேயே கிறுகிறுத்தால், வலிமருந்தின் அளவையோ நிற்க வைக்கும் நேரத்தையோ மாற்றிப் பார்க்கலாம்.