வாங்கும்போது அளவு, கொடுக்கும்போது எடை: பழைய விளையாட்டுச் சாமான்களைக் கூரியரில் அனுப்பும் முன்

விளையாட்டுச் சாமான்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டுவேன், சைக்கிள் ஃப்ரேம்களைச் சோதிப்பேன், சேதமான பொருளைப் பார்த்து க்ளெய்முக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பேன். பட்டறைக்கு வருவதில் விளையாடும்போது உடைந்தது ஒரு பக்கம் என்றால், செகண்ட் ஹேண்டாக வாங்கி வரும் வழியில் உடைந்தது இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது வகையைக் கொண்டுவருகிறவர்களுக்குப் பதில் சொல்லத்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கும். புதிதாக வாங்க வசதியில்லாமல், பல நாள் தேடி, பேரம் பேசி வாங்கியிருப்பார்கள். பெரும்பாலும் பிள்ளைகளுக்காக இருக்கும். விற்றவரும் நல்ல பொருளைத்தான் கொடுத்திருப்பார். ஆனால் இருக்கிறதிலேயே குறைந்த கட்டணம் எந்தக் கூரியரில் என்று மட்டும் பார்த்து அனுப்பியிருப்பார்.

குறைந்த கட்டணக் கூரியரே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஷூ, ஜெர்சி, பேட், பந்து எல்லாம் அதில் தாராளமாகப் போகலாம். பந்தில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும். சிக்கல் வருவது லேசாகவும் நீளமாகவும் விலை அதிகமாகவும் இருக்கிற பொருள்களில்தான். விளையாட்டுச் சாமான்களில் நல்லது எல்லாமே அப்படித்தான் இருக்கும். ஏன் சிக்கல் என்றால், கூரியர் கம்பெனி உங்களிடம் காசு வாங்கும்போது பெட்டியின் அளவைப் பார்க்கும். நஷ்டஈடு கொடுக்கும்போது எடையைப் பார்க்கும்.

கட்டணத்தை முதலில் பார்ப்போம். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். சில கம்பெனிகள் 4000 அல்லது 6000 ஆல் வகுக்கும். இதற்குக் கொள்ளளவு எடை என்று பெயர். இதுவா நிஜ எடையா, எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஒரு டென்னிஸ் ராக்கெட் ஏறக்குறைய 300 கிராம். அதை 72 × 30 × 10 அளவுள்ள பெட்டியில் வைத்தால் கணக்கு 4.3 கிலோ என்று வரும். சைக்கிள் பெட்டி 140 × 80 × 20 என்றால் 44.8 கிலோ. உள்ளே இருக்கும் சைக்கிள் பத்துக் கிலோகூட இருக்காது. இந்தக் கட்டணத்துக்குப் பயந்துதான் ஆட்கள் பெட்டியைச் சுருக்குகிறார்கள். சுருக்கினால் ஓரத்தில் இடைவெளி போய்விடும். என்னிடம் உடைந்து வருகிற ராக்கெட்டுகளில் நிறைய, தலை நுனி பெட்டியின் சுவரைத் தொட்டுக்கொண்டு வந்தவைதான்.

அடுத்தது நஷ்டஈடு. நாடு விட்டு நாடு விமானத்தில் போகிற சரக்குக்கு 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தினால், அதில் உள்ள உச்சவரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர். இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 2024 டிசம்பர் 28 வரை இந்த வரம்பு 22 ஆக இருந்தது. பேக்கிங்கோடு சேர்த்து ஒரு கிலோ வருகிற ராக்கெட் பார்சலுக்கு, ராக்கெட் எவ்வளவு விலையுள்ளதாக இருந்தாலும், வரம்பு அந்த 26 தான். அனுப்பும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து அதற்கான கூடுதல் கட்டணத்தையும் கட்டினால் வரம்பு உயரும். சுங்கப் படிவத்தில் எழுதுகிற மதிப்பை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதனால் நஷ்டஈடு ஒரு காசும் கூடாது. உள்நாட்டுப் பார்சலுக்கு அந்தந்தக் கம்பெனியின் விதிமுறைதான் பேசும்.

அந்த விதிமுறைகளில் இரண்டு பட்டியல் இருக்கும். எடுக்கவே மாட்டோம் என்பது ஒன்று. எடுப்போம், ஆனால் சேதமானால் நஷ்டஈடு கிடையாது என்பது இன்னொன்று. முதலாவதை எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். சைக்கிள், கோல்ஃப் கிளப், சர்ஃப் போர்டு, பயன்படுத்திய பொருள்கள் என்று பல கம்பெனிகளில் நம் சாமான் உட்கார்ந்திருப்பது இரண்டாவதில். அந்தப் பட்டியலில் இருக்கிற பொருளுக்குக் கூடுதல் இன்ஷூரன்ஸ் கட்டினாலும் அது பயன்படாமல் போகலாம். பல கூரியர்களை ஒப்பிட்டுக் காட்டும் இடைத்தரகர் தளம் வழியாக பதிவு செய்திருந்தால் இன்னொரு சிக்கல்: உங்கள் ஒப்பந்தம் பெரும்பாலும் அந்தத் தளத்தோடுதான். கூரியர் அலுவலகத்தில் போய் நின்றால், தளத்திடம் கேளுங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள்.

சரி, பெட்டி எப்படிப் போகிறது? கன்வேயரில் ஏறி, சரிவில் இறங்கி, மற்ற பார்சல்களின் மேலும் கீழும் கிடந்து போகிறது. இயந்திரம் படிப்பது பார்கோடை மட்டும்தான். ‘உடையக்கூடியது’ என்ற ஸ்டிக்கரை அது பார்ப்பதில்லை. பார்சல் பேக்கிங் தாங்குமா என்று பார்க்கும் இஸ்டா 3ஏ (ISTA 3A) என்ற சர்வதேசச் சோதனையில் பெட்டியை மூலை, விளிம்பு, முகம் என்று மாற்றி மாற்றி விழவிடுவார்கள். அதாவது பெட்டி விழும் என்பதை பார்சல் துறையே ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. பேக் செய்கிறவரும் அப்படி நினைத்துத்தான் செய்ய வேண்டும்.

கார்பன் இழையால் செய்த பொருள்களில் இது ரொம்ப முக்கியம். கார்பன் குழாய் அது வடிவமைக்கப்பட்ட திசையில் பெரிய பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு புள்ளியில் குத்தினால் தாங்காது. ராக்கெட்டின் இரண்டு பக்கமும் தலையைவிடப் பெரிய கெட்டியான அட்டை வையுங்கள்; சுற்றிலும் நாலு விரல் இடைவெளி விட்டு அதை நிரப்புங்கள். உறையோடு வருகிற ராக்கெட் என்றால் உறையே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். உறை தோளில் மாட்டிக்கொள்ளத்தான். ஸ்ட்ரிங்கில் ஒன்று ஏற்கெனவே அறுந்திருந்தால் மிச்சத்தையும் நடுவிலிருந்து வெட்டி எடுத்துவிட்டு அனுப்புங்கள். பாதி ஸ்ட்ரிங் இழுத்துக்கொண்டே இருந்தால் ஃப்ரேம் கோணிப் போகும்.

சைக்கிளில் நான் அடிக்கடி பார்க்கும் சேதம் மூன்று. முன் சக்கரத்தைக் கழற்றியபின், அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இரு கால்களுக்கு நடுவே ஒன்றும் வைக்காததால் மேலே பாரம் ஏறி கால்கள் நெரிவது. பின் டீரெய்லரை, அதாவது செயினை நகர்த்திக் கியர் மாற்றும் பாகத்தை, கழற்றாததால் அதை ஃப்ரேமோடு பிடிக்கும் ஹேங்கர் உள்பக்கம் வளைவது. கழற்றிய சக்கரத்தின் அச்சு முனை ஃப்ரேமைக் குத்துவது. மூன்றையும் தடுக்கப் பெரிய செலவில்லை. புது சைக்கிள்கள் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் கட்டையோடுதான் கடைக்கு வரும். கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்றால் பிரேக் பேட்களுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டைச் செருகுங்கள். இல்லாவிட்டால் பெட்டிக்குள் லீவர் அழுந்தி பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இடது பெடலின் மரை தலைகீழ். எந்தப் பக்கமானாலும் ஸ்பேனரை மேலே நிறுத்திப் பின் சக்கரத்தை நோக்கித் தள்ளினால் கழலும். இது தெரியாமல் எதிர்ப்பக்கம் முறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

டம்பெல், வெயிட் பிளேட் மாதிரிக் கனமானவற்றுக்குச் சின்னப் பெட்டிகளாகப் பிரிப்பதைத் தவிர வழியில்லை. பெட்டிக்குள் அது அசைந்தால் முதல் நாளே அடியைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

சிலதை அனுப்பவே கூடாது. மின்சார சைக்கிளின் லித்தியம் பேட்டரி சர்வதேசச் சரக்கு விதிகளில் 9ஆம் வகுப்பு அபாயப் பொருள். அதைக் கழற்றிச் சாதாரணப் பார்சலில் சொல்லாமல் போட்டால் வேறு யாருடைய உயிரோ அதில் இருக்கிறது. வீங்கிய, அடிபட்ட பேட்டரிக்கு விமானத்தில் அனுமதியே இல்லை. டயருக்குக் காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பியும் அபாயப் பொருள்தான். பையின் ஓரத்தில் மறந்து கிடக்கும், தேடி எடுத்துவிடுங்கள். அப்புறம் சைக்கிள் ஹெல்மெட். அதன் உள்ளே இருக்கும் நுரை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கியது மறுபடி எழும்பாது. வெளி ஓட்டில் கீறல்கூட இல்லாமல் உள்ளே போயிருக்கலாம். முன்பு ஒருவர் தலையில் இருந்து, பிறகு கூரியரில் உருண்டு வந்த ஹெல்மெட்டை உங்கள் பிள்ளைக்கு மாட்டாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ அனுப்பினால் ஷூ, கோல்ஃப் கிளப், டயர் எதிலும் மண்ணோ விதையோ இருக்கக் கூடாது. அங்கே உயிரிப் பாதுகாப்புச் சோதனை கடுமை.

க்ளெய்மை நிராகரிக்க வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பேக்கிங் சரியில்லை என்பது. பழைய பொருள் என்றால் இன்னொன்றும் சேரும்: இந்த விரிசல் முன்பே இருந்தது என்பார்கள். இதைப் பார்த்துச் சொல்ல முடியும். லென்ஸில் பார்த்தால் புது விரிசலின் விளிம்பு கூராக இருக்கும், உள்ளே கார்பன் இழை சுத்தமான கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கும். பழைய விரிசலில் வியர்வையும் தூசியும் புகுந்திருக்கும், பெயின்ட் விளிம்பு மழுங்கியிருக்கும். அலுமினியத்தில் புது வெட்டு பளபளக்கும், பழையது மங்கியிருக்கும். ஆனால் என் அறிக்கையைவிட வலுவான சாட்சி, அனுப்புகிறவர் பெட்டியை மூடும் முன் எடுக்கிற படங்கள்தான். ஃப்ரேமின் நான்கு பக்கம், சீரியல் எண், பேக்கிங்கின் ஒவ்வொரு அடுக்கு, மூடிய பெட்டி தராசில் இருப்பது எல்லாவற்றையும் எடுத்து, அன்றைக்கே வாங்குகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். பில் இல்லாவிட்டால் விற்பனை விளம்பரமும் பணம் போன ரசீதும் மதிப்புக்கு ஆதாரமாகும்.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது கதவருகிலேயே தொடங்குகிறது. பெட்டியில் நசுங்கலோ ஓட்டையோ இருந்தால், ‘பெட்டி சேதம்’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். திறப்பதை வீடியோ எடுங்கள். கார்பன் குழாயை ஒரு நாணயத்தால் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று வருகிற சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமானால் அங்கே ஏதோ இருக்கிறது, ஓட்டிப் பார்க்காதீர்கள். மான்ட்ரியல் ஒப்பந்தப்படி சேதத்தைப் பொருள் கைக்கு வந்து 14 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உள்நாட்டுக் கூரியர்கள் இதைவிடக் குறைந்த கெடு வைத்திருக்கலாம், எனவே அன்றைக்கே எழுதிவிடுங்கள். பெட்டியையும் உள்ளே இருந்த அட்டை, நுரை எல்லாவற்றையும் க்ளெய்ம் முடியும்வரை தூக்கிப் போட வேண்டாம். சோதிக்க வருகிறவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.