கார் ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் ஏசி கேஸ் போடச் சொல்லாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் இந்த ஜூலைக் குளிரில் மட்டும் என்னிடம் வந்த பாழான எஞ்சின்களில் இது மூன்றாவது. பள்ளி விடுமுறைக்கு டர்பன் போன ஜோஹன்னஸ்பர்க் லெனேசியாக் குடும்பம் ஒன்று என்3 நெடுஞ்சாலையில் திரும்பியிருக்கிறது. வான் ரீனன் கணவாய் ஏறும்போது ஹீட்டர் சட்டென்று குளிர்காற்று அடித்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் போர்வையைப் போர்த்திவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். ஹைடல்பர்க் அருகே பானெட்டிலிருந்து ஆவி. மறுநாள் டோ டிரக்கில் என் பட்டறைக்கு வந்து இறங்கிய ஐயா கேட்ட முதல் கேள்வி: "தம்பி, போன மாசம்தானே கேஸ் போட்டேன், அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?"

ஆயில் மூடியைத் திறந்தேன். அடியில் பால் டீ நிறத்தில் பசை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்ட அடையாளம். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. இத்தனைக்கும் காரணம் ஹீட்டர் ஹோஸில் தளர்ந்துபோய்க் கூலன்டை ஒழுகவிட்ட ஒரு கிளிப்.

எத்தனை தடவை சொல்வது? பெட்ரோல், டீசல் வண்டியில் ஹீட்டருக்கும் ஏசி கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. கேஸ் குளிர்விக்கத்தான். எஞ்சினைச் சுற்றிவரும் சூடான கூலன்ட், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குட்டி ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. ஹீட்டர் கோர் என்பது இதுதான். அதன் வழியாக வரும் காற்றுதான் உங்கள் காலைச் சுடவைக்கிறது. கேஸ் சுத்தமாகத் தீர்ந்த வண்டியிலும் ஹீட்டர் அனலாக அடிக்கும். போன மாதம் இந்த வண்டிக்குக் கேஸ் நிரப்பியவர் கூலன்ட் தொட்டியை எட்டிப் பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

"டெம்பரேச்சர் முள் நடுவிலதானே இருந்துச்சு?" என்றார் ஐயா. சென்சார் கூலன்டில் முழுகியிருந்தால்தான் அது சொல்வது உண்மை. கூலன்ட் இறங்கி, சென்சார் வெறும் காற்றில் நிற்கும்போது முள்ளை நம்பவே கூடாது. பல வண்டிகளில் முள்ளுக்கு முன்னால் ஹீட்டர்தான் சேதி சொல்லும்.

ஜோஹன்னஸ்பர்க் ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தமும் கூலன்டும்தான் கொதிக்காமல் காக்கின்றன. குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள். துரு சேர்ந்து ஹீட்டர் கோர் அடைவதும் அதனால்தான். ஒழுகலை அடைக்கும் பவுடர் போட்டு, கோரையும் சேர்த்து அடைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

நீங்களே பார்த்துக்கொள்ள ஒன்று சொல்கிறேன். எஞ்சின் சூடானதும், சுழலும் ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், டாஷ்போர்டுச் சுவருக்குள் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களையும் லேசாகத் தொடுங்கள். ஒன்று சூடு, ஒன்று குளிர் என்றால் கோர் அடைத்திருக்கலாம், வால்வு மூடியிருக்கலாம். இரண்டுமே சூடாக இருந்தால் கோளாறு உள்ளே காற்றைத் திருப்பும் கதவில், அது அவசரமில்லை. இரண்டும் வெதுவெதுப்பு என்றால் கூலன்ட் குறைவு, அல்லது எஞ்சின் சூடேறும்வரை கூலன்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. சிலர் "சூடான ஊருக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எஞ்சின் சூடேறாமல் ஓடினால் டீசலும் வீண், எஞ்சினும் தேயும்.

கண்ணாடியில் பிசுபிசுவென்று ஆவி, இனிப்பு வாடை, ஈரமான கார்ப்பெட் என்றால் கோர் ஒழுகுகிறது. அந்தக் கூலன்ட் விஷம். பிள்ளைகளும் நாயும் அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பரில் வான் ரீனனில் பனி கொட்டி என்3 மூடியபோது, எத்தனையோ பேர் இரவு முழுக்க வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். மலை ஏறப்போகிறீர்கள் என்றால் முதல் நாள் இரவு, எஞ்சின் ஆறியபின் தொட்டியில் அளவுக் கோடு வரை கூலன்ட் இருக்கிறதா என்று பாருங்கள். வழியில் ஹீட்டர் திடீரென்று குளிர்ந்தால் பத்திரமான இடத்தில் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். "அடுத்த ஊர் ஹாரிஸ்மித் வரைக்கும் ஓட்டிடலாம்" என்று கணக்குப் போடாதீர்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள். என்னிடம் வேலை பழகிய பையனின் முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, ஹோஸ் தொட்டால் சுடாதபோது, மூடிமேல் தடித்த துணி போட்டு மெதுவாகத் திருகுங்கள்.